மயிர்ப்பாலம்: ஹேவாஹெட்ட மலைநாட்டில் ஆறு கடத்தலின் வரலாறு

இறந்தோரின் உயிர் மறுவுலகு செல்லும் வழியில் நெருப்பாறு ஒன்று குறுக்கிடும் என்பதும், அதனைக் கடப்பதற்கு மயிரிழையாலான பாலம் ஒன்றே உண்டு என்பதும் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கையாகும். புண்ணியஞ் செய்தவன் அதிற் கால் வழுவாது நடந்து அக்கரை சேர்வான். பாவி இடையிலே வீழ்வான். இஸ்லாமிய மரபு கூறும் ஸிராத் பாலமும், பண்டைப் பாரசீகரின் சின்வத் பாலமும் இதனையொத்த கருத்துக்களே. ஒன்றோடொன்று தொலைவிலுள்ள இச்சமுதாயங்கள் யாவும் மனிதனுக்கு நேரக்கூடிய இறுதிச் சோதனையை ஒரு பாலத்தின்மீது வைத்தமை தற்செயலானதன்று. ஆறு கடத்தல் என்பது மனித வாழ்வின் மிகப் பழைய அச்சங்களுள் ஒன்றாக இருந்துள்ளது.

ஆயினும் புராணத்துப் பாலத்துக்கும் வரலாற்றுப் பாலத்துக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. புராணப் பாலத்திற் கடப்பவனின் குணமே அவனது கதியைத் தீர்மானிக்கின்றது. வரலாற்றுப் பாலத்திலோ, கடப்பவனின் கதியைத் தீர்மானிப்பவர்கள் வேறிடத்தில் இருக்கின்றனர். பாலத்தை எங்கே கட்டுவது, எதற்காகக் கட்டுவது, கட்டிய பின் அதனை யார் பேணுவது என்று முடிவு செய்பவர்கள் அவர்களே. உலகின் அச்சந்தரும் பாலங்களை வரிசைப்படுத்துவோர் பெரும்பாலும் உயரத்தையும் ஆட்டத்தையும் மட்டுமே அளவுகோலாகக் கொள்வர். கண்டியையும் அதன் தென்கிழக்கே அமைந்த ஹேவாஹெட்டப் பகுதியையும் எடுத்துக்கொண்டு ஆறு கடத்தலின் வரலாற்றை நோக்குவோமாயின், அவ்வளவுகோல் போதாதென்பது தெளிவாகும்.

பாலத்தை விரும்பாத இராசதானி

கண்டி நகரின் புவியியல் அமைப்பை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். தெற்கே கம்பளைப் பக்கமிருந்து வரும் மகாவலி கங்கை, பேராதனையைத் தொட்டு நகரின் மேற்குப் புறமாகச் சென்று, கட்டுகஸ்தோட்டையில் திரும்பி, வடக்கையும் கிழக்கையும் சூழ்ந்து ஓடுகின்றது. ஏறத்தாழ மூன்று புறமும் இயற்கை வெட்டிய அகழி இது. கொழும்பிலிருந்து வருபவனும் மாத்தளையிலிருந்து வருபவனும் இவ்வாற்றைக் கடந்தே தலைநகரை அடைதல் வேண்டும். கட்டுகஸ்தோட்டை என்னும் ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள சிங்களச் சொல் 'துறை' என்று பொருள்படுவது. ஒரு காலத்தில் அங்கே பாலமில்லை, தோணித்துறையே இருந்தது என்பதற்கு ஊரின் பெயரே சான்றாகும்.

1660ஆம் ஆண்டு கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டு, 1679ஆம் ஆண்டு தப்பிச் செல்லும்வரை இந்நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் இதுபற்றிக் குறிப்பிட்டுள்ளார். ஆற்றின் அகலமும் மழைக்கால வேகமும் பாலமமைக்க இடந்தருவனவல்ல என்றும், அவ்வாறு அமைக்க முடிந்தாலும் மன்னன் அதனை அனுமதியான் என்றும், வழிகள் எவ்வளவுக்குக் கடினமாயிருக்கின்றனவோ அவ்வளவுக்கு அவன் மனம் மகிழ்வான் என்றும் அவர் கூறும் கருத்து கவனித்தற்குரியது. மன்னன் என்று அவர் குறிப்பிடுவது இரண்டாம் இராசசிங்கனையாகும். போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் கரையோரத்தைக் கைப்பற்றியிருந்த அக்காலத்தில், பாலமின்மை என்பது தொழில்நுட்பக் குறைபாடு மட்டுமன்று. அஃது ஓர் அரசியற் கொள்கையுமாகும். 1638ஆம் ஆண்டு மகாவலிக் கரையிலுள்ள கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படை ஏறத்தாழ முற்றாக அழிக்கப்பட்டமை இக்கொள்கையின் பயனை மன்னனுக்கு நன்கு உணர்த்தியிருத்தல் வேண்டும்.

ஹேவாஹெட்ட இப்பாதுகாப்பு வளையத்தின் உட்புறக் கோட்டையாக விளங்கியது. அதன் பெயருக்கே 'அறுபது போர்வீரர்' என்று பொருள் கூறுவாருளர். 1664ஆம் ஆண்டின் இறுதியில் நிலம்பை அரண்மனையில் இருந்தபோது தனக்கெதிராகக் கிளர்ச்சி மூண்டதனால் இரண்டாம் இராசசிங்கன் இரவோடிரவாக இம்மலைகளினூடாகவே தப்பிச் சென்றான். பின்னர் ஹங்குரன்கெத்தையைத் தன் வாழிடமாகக் கொண்டான். பாதையற்ற மலையும் பாலமற்ற ஆறும் அரசனுக்குக் காவலாயிருந்தன.

எனினும் மக்கள் தம் அன்றாட வாழ்வில் ஓடைகளைக் கடந்தேயாக வேண்டியிருந்தது. சிங்களத்தில் 'ஏதண்ட' எனப்படும் மரக்குற்றிப் பாலம் இத்தேவையை நிறைவேற்றியது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வீழ்த்தப்பட்ட ஒற்றை மரம். பிடித்துச் செல்வதற்குச் சில இடங்களில் மூங்கிலோ கொடியோ கட்டப்பட்டிருக்கும். பதுளை வழியிலுள்ள போகொடையில் இன்றும் காணப்படும் கூரையிட்ட மரப்பாலம், அக்காலத் தச்சர் இதனினும் உயர்ந்த வேலைப்பாட்டிற்கு ஆற்றலுடையராயிருந்தனர் என்பதைக் காட்டுகின்றது. ஆற்றல் இருந்தது, பேராற்றில் அதனைப் பயன்படுத்த அரசு விரும்பவில்லை.

வட்டபுளுவ, 1803

பாலமில்லா ஆறு எத்துணைக் கொடிய படைக்கலமாக அமையக்கூடும் என்பதற்கு 1803ஆம் ஆண்டு நிகழ்ச்சியிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் கண்டியைக் கைப்பற்றி, ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனுக்கு எதிராக நாயக்கர் குலத்து முத்துசாமியை அரியணையில் அமர்த்தினர். மக்கள் ஆதரவு அவருக்குக் கிட்டவில்லை. காய்ச்சலும் உணவின்மையும் பிரித்தானியப் படையை அரித்தன. யூன் 24ஆம் நாள், படைத்தலைவரான மேஜர் டேவி நகரைக் கையளித்துவிட்டு, நோயாளரை அங்கேயே விட்டு, திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார்.

நகரிலிருந்து சிறிது தொலைவிலேயே, வட்டபுளுவவில் மகாவலி அவர்களை மறித்தது. மழைக்காலம், ஆறு பெருகியிருந்தது. பாலமில்லை, தோணியுமில்லை. கண்டிப் படைகள் சுற்றிலும் நின்றன. முத்துசாமியை ஒப்படைத்தால் கடப்பதற்கு உதவுவதாகத் தூது வந்தது. டேவி முதலில் மறுத்தார், பின்னர் ஒப்படைத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். அதன்பின்னும் உதவி வரவில்லை. படையினர் மூங்கிலால் தெப்பங்கட்டிக் கயிற்றை மறுகரைக்குக் கொண்டுசெல்ல முயன்றனர். அம்முயற்சியும் பலிக்கவில்லை. யூன் 26ஆம் நாள் ஆயுதங்களைக் களைந்த அப்படையினர் ஆற்றங்கரையிலேயே கொல்லப்பட்டனர். உயிர் பிழைத்தோர் மிகச் சிலர். டேவி கைதியாகவே சில ஆண்டுகள் வாழ்ந்து கண்டியில் இறந்தார்.

இந்நிகழ்ச்சியைப் பிரித்தானிய வரலாற்றாசிரியர் துரோகத்தின் கதையாகவும், தேசிய நோக்குடையோர் வெற்றியின் கதையாகவும் எழுதினர. இரண்டிலும் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் இரு சாராரும் போதிய அழுத்தங் கொடாத ஓர் உண்மை, அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையே கிடந்த அச்சிறு தூரமாகும். அங்கே ஒரு பாலம் இருந்திருப்பின் 1803இன் வரலாறு வேறாக எழுதப்பட்டிருக்கும். பிரித்தானியர் இப்பாடத்தைத் தெளிவாகவே கற்றுக்கொண்டனர் என்பதை அடுத்த முப்பதாண்டுகள் காட்டின.

முதிரைப் பாலம்

1815ஆம் ஆண்டு கண்டி இராசதானி பிரித்தானியர் வசமாயிற்று. 1817, 1818ஆம் ஆண்டுகளில் எழுந்த பெருங்கிளர்ச்சி, நாட்டைப் பிடித்தல் வேறு, அதனை வைத்திருத்தல் வேறு என்பதை அவர்களுக்கு உணர்த்தியது. படைகள் விரைந்து செல்லத்தக்க வீதிகள் இன்றியமையாதனவாயின. தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்திற் கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்டது. கடுகண்ணாவையிற் பாறை துளைக்கப்பட்டது. இவ்வேலைகளின் பெரும்பகுதி இராசகாரிய முறையில் மக்களிடமிருந்து பெறப்பட்ட கட்டாய உழைப்பினால் நிறைவேற்றப்பட்டது. மன்னர் காலத்துக் கடமை முறையொன்று, மன்னராட்சியின் பாதுகாப்பு அரணைத் தகர்ப்பதற்கே பயன்பட்டமை வரலாற்றின் முரண்நகை எனலாம். இராசகாரியம் 1832ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது.

அவ்வீதியின் இறுதித் தடையாக நின்றது பேராதனையில் மகாவலியாகும். 1832, 1833ஆம் ஆண்டுகளில் லெப்டினன்ற் கேணல் பிறேசரின் திட்டப்படி அங்கே ஒரு பாலம் எழுந்தது. முழுவதும் முதிரை மரத்தாலானது. ஆற்றின் நடுவே தூணேதும் ஊன்றாது ஒரே வளைவாக 205 அடி தூரத்தைத் தாண்டி நின்றது. ஆணியோ இரும்புக் குடுமியோ இன்றி மரத்தோடு மரம் பொருந்துமாறு இணைக்கப்பட்டது. நடுவே தூண் ஊன்றாமைக்குக் காரணம் அழகுணர்ச்சியன்று. வெள்ளத்திற் புரண்டு வரும் மரங்கள் மோதித் தூணைச் சாய்த்துவிடும் என்ற அச்சமே. இலங்கைக்கு வந்த பயணிகள் பலர் இப்பாலத்தை வியந்து எழுதியுள்ளனர். 1905ஆம் ஆண்டு அதனிடத்தில் இரும்புப் பாலம் அமையும்வரை, ஏறத்தாழ எழுபதாண்டுகள் அது நின்று பயன்பட்டது.

இப்பாலம் முதலிற் பீரங்கிக்காகக் கட்டப்பட்டது. ஆனால் அதனால் மிகுந்த பயன்பெற்றது கோப்பியாகும். 1840களில் மலைநாடெங்கும் காடழித்துக் கோப்பித் தோட்டங்கள் தோன்றியபோது, ஹேவாஹெட்டவும் முக்கிய கோப்பி மாவட்டங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அங்கு விளைந்த கோப்பி கண்டிக்கு வந்து, பேராதனைப் பாலத்தைக் கடந்து, மாட்டு வண்டிகளிற் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. 1848ஆம் ஆண்டு வீதிச்சட்டம், வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கீடான பணஞ் செலுத்த வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மாத்தளைப் பகுதியில் எழுந்த கிளர்ச்சிக்கு இத்தகைய வரிகளும் காரணமாயின. வீதி யாருக்காக, பாலம் யாருக்காக என்ற வினா அப்போதே எழுந்துவிட்டதென்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஹேவாஹெட்ட மலையில் தமிழர்

அக்கோப்பியைப் பறித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளராவர். தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, காட்டு வழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் தாண்டி, கங்காணியின் பின்னே கால்நடையாக அவர்கள் வந்தனர். கொள்ளைநோயும் பசியும் காய்ச்சலும் அவ்வழியிற் பலரைப் பலிகொண்டன. மாத்தளையிலிருந்து ஹேவாஹெட்ட செல்வோர்க்குக் கட்டுகஸ்தோட்டையில் மகாவலி, அப்பால் தலாத்து ஓயாவும் அதன் கிளைகளும் எனத் துறைகள் பல காத்திருந்தன. மலையடிவாரத்து ஆறு வேறு, மலைச்சரிவின் ஓடை வேறு. அடிவாரத்தில் வெள்ளம் வருவதைக் கண்டு ஒதுங்கலாம். மலையோடையோ குறுகிய, செங்குத்தான நீரேந்து பரப்பை உடையது. மேலே பெய்த மழை சில நாழிகையிற் கீழே பாய்ந்துவிடும். காலையிற் கணுக்கால் நனையக் கடந்த ஓடை, மாலையில் ஆளை இழுத்துச் செல்லும்.

1852ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த ஸ்கொத்லாந்து இளைஞரான ஜேம்ஸ் டெய்லர், ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டு முதற் பரவிய இலைத்துரு நோயினாற் கோப்பி வீழ்ச்சியுற்றபோது தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. இலங்கை வர்த்தகத் தேயிலையின் பிறப்பிடம் என்று இன்று உலகம் போற்றும் அம்மலையில், 1892ஆம் ஆண்டு டெய்லர் இறந்தபோது, அவரது உடலைத் தோட்டத் தொழிலாளர் தோளிற் சுமந்து மலையிறங்கிக் கண்டி மகியாவைக்குக் கொண்டுவந்து அடக்கஞ் செய்தனர். துரைக்கும் அன்று அவ்வழியில் இறுதி ஊர்தியாக அமைந்தது தொழிலாளியின் தோளே.

தேயிலைப் பொருளாதாரம் கோப்பியினும் பார்க்க நிலையான வீதியை வேண்டி நின்றது. பறித்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலை சேர்தல் வேண்டும். எனவே தொழிற்சாலைக்கும் பெருவீதிக்கும் இடையே கல்லாலும் இரும்பாலும் உறுதியான பாலங்களும் மதகுகளும் அமைந்தன. கிளைவீதிகளின் செலவைத் தோட்ட உரிமையாளரும் அரசாங்கமும் பங்கிட்டுக்கொள்ளும் முறையும் வகுக்கப்பட்டது. ஆனால் லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து மடுவத்துக்கும், ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்கும் தொழிலாளர் நடந்த ஒற்றையடிப் பாதைகளுக்கு இக்கணக்கில் இடமிருக்கவில்லை. அங்கே குறுக்கிட்ட ஓடைகளில் மரக்குற்றியும், பிற்காலத்திற் கம்பியில் தொங்கவிட்ட பலகைப் பாலமுமே வாய்த்தன. கொழுந்து செல்லும் வழிக்கு இரும்பு. கொழுந்து பறிப்பவள் செல்லும் வழிக்கு மரக்குற்றி. மலையகப் பாலங்களின் சமூக வரலாற்றை இவ்வொரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

வந்த பாலமும் போன பாலமும்

1914ஆம் ஆண்டு பெப்ருவரி 24ஆம் நாள் பாம்பன் கடற்பாலம் திறக்கப்பட்டது. கப்பல்கள் செல்வதற்கு நடுவே இரு பகுதியாக விரியும் அமைப்புடைய அப்புகையிரதப் பாலம், தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பற் சேவையோடு இணைந்து, தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒரே பயணவழியாக்கியது. மண்டபம் முகாமில் தடுத்துச் சோதிக்கப்பட்ட பின், தொழிலாளர் இப்பாலத்தின் வழியாகவே மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தனர். காற்று மிகுந்த நாட்களிற் கடலலை தண்டவாளத்துக்கு அருகே எழும் இப்பாலத்தை உலகின் அச்சந்தரும் பாலங்களுள் ஒன்றாகக் கொள்வது பொருந்தும். 1964ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலிற் பாலத்தின் பல பகுதிகள் அள்ளுண்டு போயின. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் புகையிரதம் ஒன்று கடலாற் கொள்ளப்பட்டு அதிலிருந்தோர் மாண்டனர். தனுஷ்கோடி நகரமே அழிந்தது.

அப்புயலுக்கு இரு மாதங்களுக்கு முன்னர், ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டிருந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவர். 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறுவர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்பது அதன் சாரம். சில மாதங்களிற் பாம்பன் பாலம் திருத்தப்பட்டது. பாட்டன் மலைநாட்டுக்கு வந்த அதே பாலத்தின் வழியே பேரன் திருப்பி அனுப்பப்பட்டான். பாலம் இரு திசைக்கும் பொதுவானது. எத்திசையிற் செல்வதென்பதைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் அதன்மீது செல்பவனுக்கு இருக்கவில்லை. இறந்த உயிருக்கு மயிர்ப்பாலம் எதுவோ, நாடற்றவனுக்குப் பாம்பன் பாலமும் அதுவாயிற்று. அப்பழைய பாலத்தில் 2022ஆம் ஆண்டின் இறுதியிற் புகையிரதப் போக்குவரத்து நின்றது. புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது.

பாலம் எவ்வாறு வீழ்கின்றது?

அச்சந்தருவது வேறு, ஆபத்தானது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. ஆடும் தொங்குபாலம் அச்சந்தரும். ஆனால் ஆட்டத்தினால் மட்டும் அது அறுந்து வீழ்வதில்லை. கம்பி கரையிற் புதைக்கப்பட்டுள்ள இடத்தில், கண்ணுக்குத் தெரியாது துருவேறுவதே அதன் முதற் பகை. கல்லாற் கட்டிய பாலம் நெஞ்சுறுதி தரும். ஆனால் வெள்ளம் அதன் அத்திவாரத்து மண்ணை அரித்துச் சென்றபின், மேலே ஒரு கீறலும் தோன்றாமலே அது சரிந்துவிடக்கூடும். அச்சம் கண்ணுக்குப் புலனாவது; ஆபத்து பெரும்பாலும் மறைவிலிருப்பது.

பிரான்சின் அன்ஜே நகரில் 1850ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், புயற்காற்றினிடையே படையணி ஒன்று தொங்குபாலத்தைக் கடந்தபோது கம்பி அறுந்து இருநூறுக்கு மேற்பட்ட படைவீரர் மாண்டனர். புதைந்திருந்த கம்பிகள் துருவேறியிருந்தமை பின்னர் தெரியவந்தது. குஜராத்தின் மோர்பி நகரில் 2022ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், திருத்தவேலைக்குப் பின் திறக்கப்பட்டுச் சில நாட்களேயான பழைய தொங்குபாலம் அறுந்து 135 பேர் மாண்டனர். அங்கும் பிரதான வடத்தின் கம்பியிழைகளுட் பல முன்னரே துருவேறி அறுந்திருந்தமை விசாரணையில் வெளியாயிற்று. இரு விபத்துக்களுக்கும் இடையே 172 ஆண்டுகள், காரணமோ ஒன்றே. அறிவு வளரவில்லை என்பதன்று இதன் பொருள். அறிவைப் பயன்படுத்த வேண்டிய பொறுப்பு உரியவரிடஞ் சென்றடையவில்லை என்பதே.

இதற்கு மாறான எடுத்துக்காட்டைப் பெரு நாட்டின் அந்தீஸ் மலையிற் காணலாம். அபுரிமாக் ஆற்றின் மீதுள்ள கெஸ்வாசாக்கா பாலம் புல்லைத் திரித்த கயிற்றாலானது. பார்ப்போர்க்கு நடுக்கந் தரும் இப்பாலத்தை, சூழவுள்ள நான்கு ஊர்ச் சமூகங்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடிப் புதிதாகத் திரித்துக் கட்டுகின்றன. இன்கா காலத்திலிருந்து தொடரும் இவ்வழக்கம் 2013ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. புல் இரும்பினும் உறுதியானதன்று. ஆயின் அதனைக் கடப்பவர்களும் கட்டுபவர்களும் ஒரே மக்கள். ஆதலாற் பழுதை மறைக்க யாருக்கும் நோக்கமில்லை. பாலத்தின் பாதுகாப்பு, அது எதனாற் கட்டப்பட்டது என்பதிலும், யாருடையது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளதென்பதை இது நிறுவுகின்றது.

யாருடைய பாலம்?

தோட்டத்துப் பாலம் யாருடையது என்ற வினாவே ஹேவாஹெட்ட போன்ற பகுதிகளின் மையப் பிரச்சினையாகும். 1937ஆம் ஆண்டுக் கிராமச் சமூகச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்குரிமையை மறுத்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. வாக்கில்லாதவன் பாலம் கேட்டு யாரிடஞ் செல்வான்? தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992ஆம் ஆண்டு முதல் மீண்டும் தனியார் கம்பனிகளின் முகாமைக்குக் கையளிக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டக் குடியிருப்புக்களுக்காகச் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக அமைந்திருந்தது. அத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே தளர்த்தப்பட்டது. அதாவது, வாக்குரிமை மீண்ட பின்னரும் தொழிலாளி தன் வாக்காற் தெரிவுசெய்த சபை, அவன் பிள்ளை பாடசாலைக்குக் கடந்து செல்லும் ஓடையின்மீது ஒரு பலகையை மாற்றவும் சட்டத்தின் இடர்ப்பாட்டை எதிர்நோக்கியது. பிரதேச சபை 'இது தோட்டத்தின் பாலம்' என்றும், தோட்ட முகாமை 'இது பொதுமக்கள் பாதை' என்றும் கூற இடமளித்த அவ்விடைவெளியிலேதான் பலகைகள் உளுத்தன.

வெள்ளமும் மண்சரிவும் இயற்கையின் செயல்கள். அவற்றுக்கு யாரைக் குறைகூறுவது என்று சிலர் வாதிடக்கூடும். மழை யாரையும் பாகுபடுத்திப் பெய்வதில்லை என்பது உண்மையே. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி இலங்கையைக் கடந்தபோது மலைநாடு முழுவதும் அதன் கொடுமைக்கு ஆளாயிற்று. மகாவலி பேராதனையிற் கரைபுரண்டது. மண்சரிவுகளினாற் கண்டி மாவட்டத்தில் பெருந்தொகையானோர் உயிரிழந்தனர். வீதிகளும் பாலங்களும் துண்டிக்கப்பட்டு ஊர்கள் தனித்தன. ஆனால் பேரிடர் கழிந்தபின் எப்பாலம் முதலில் எழுகின்றது, எப்பாலம் ஆண்டுக்கணக்கிற் காத்துக் கிடக்கின்றது என்பதில் இயற்கைக்கு யாதொரு தொடர்புமில்லை. அது மனிதர் எழுதும் முன்னுரிமைப் பட்டியலாகும்.

இப்பிரச்சினை மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் மாற்றாக ஓடிய மிதப்புப் படகு கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். கட்டி முடியாத பாலமும் கொல்லும் என்பதற்கு அது சான்று. 1803இல் வட்டபுளுவவில் ஆயுதந் தாங்கிய படையினரை நிறுத்திய அதே நீர், 2021இற் புத்தகப்பை சுமந்த சிறுவரை நிறுத்தியது. மன்னன் பாலத்தை மறுத்தமைக்கு ஒரு காரணமாவது இருந்தது. நாட்டைக் காப்பது அவன் நோக்கம். குடியாட்சியிற் பாலம் தாமதிப்பதற்கு அத்தகைய காரணமும் இல்லை.

முடிவுரை

கண்டி இராசதானி பாலத்தை மறுத்தது. பிரித்தானிய ஆட்சி படைக்கும் கோப்பிக்கும் தேயிலைக்கும் பாலந் தந்தது. சுதந்திர இலங்கை நெடுங்காலமாகத் தோட்டத்து ஓடையைத் தன் வரைபடத்துக்கு வெளியே வைத்திருந்தது. ஒவ்வொரு காலத்திலும் பாலம் அக்காலத்து அதிகாரம் எதனை மதித்தது என்பதைக் காட்டும் கண்ணாடியாக நின்றது. உல்லாசப் பயணிகள் பணங்கொடுத்து நடக்கும் உயரமான தொங்குபாலங்கள் உலகிற் பல உள. அவற்றிற் பயணி அச்சத்தை விலைக்கு வாங்குகின்றான். அன்றிரவு அவன் அதனைப் பெருமையுடன் சொல்லிக் களிப்பான். கம்பியறுந்த பலகைப் பாலத்தைக் காலையிலும் மாலையிலும் கடக்கும் தோட்டத்துச் சிறுமி அச்சத்தை விலைக்கு வாங்கவில்லை. அது அவளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது.

உலகின் மிக ஆபத்தான பாலம் எது என்ற வினாவுக்கு உயரத்தையும் நீளத்தையும் கொண்டு விடை தேடுதல் பயனற்றது. தன்மீது செல்வோர்க்குப் பேசும் உரிமையில்லாத பாலமே மிக ஆபத்தானது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தின் தடையை நீக்கியுள்ளது. இனித் தேவைப்படுவது தோட்டப் பகுதிகளிலுள்ள நடைபாலங்கள் யாவற்றையும் ஊர்தோறும் கணக்கெடுத்து, ஒவ்வொன்றையும் ஆண்டுதோறும் சோதிக்கும் பொறுப்பை ஒரு குறித்த நிறுவனத்தின்மீது சுமத்துதலாகும். பெரும் பொருட்செலவு வேண்டாத பணி இது. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினுள்ளே மகாவலியைக் கடந்து செல்லும் அக்பர் பாலத்தின் வழியே நாள்தோறும் நடக்கும் மாணவருள், எதிர்காலத்திற் பாலம் அமைக்கும் பொறியியலாளரும், அதற்கு நிதி ஒதுக்கும் நிருவாகிகளும், அதன் வரலாற்றை எழுதும் ஆசிரியரும் உளர். மறுவுலகின் மயிர்ப்பாலத்தை மாற்றியமைக்க எவராலும் இயலாது. இவ்வுலகின் மயிர்ப்பாலங்களோ மனிதராற் கட்டப்பட்டவை. ஆதலால் மனிதரால் மாற்றப்படத்தக்கவை.